கூரை வீட்டுக்குக் கொடுக்கிற காசு

"எல்லாத்துக்கும் கவர்மெண்ட்டே வீடு கட்டிக் கொடுக்கணுமா? எங்க வரிப்பணம்தானே அது?" லீவுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைங்க டீக்கடையில கேட்கிற கேள்வி இது. கேட்கலாம், தப்பில்ல. ஆனா கணக்கை எங்கேருந்து ஆரம்பிக்கிறது? நான் 1971-லேருந்து ஆரம்பிப்பேன்.

அதுக்கு முன்னாடி கீழத்தஞ்சையில கூலி ஆளோட குடிசை நின்ன மண்ணு பெரும்பாலும் மிராசுதாரோடது. கூலி கூடக் கேட்டா, "குடிசையைப் பிரிச்சிக்கிட்டு கிளம்பு" என்பார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில ஒரே குடிசைக்குள்ள 44 பேர் எரிஞ்சு செத்ததும் கூலித் தகராறுலதான். 1971-ல குடியிருப்புச் சட்டம் வந்து, குடியிருந்த மனை அவங்களுக்கே சொந்தம்னு ஆச்சு. வீடு கட்டப் பணம் கொடுத்ததெல்லாம் பிற்பாடு. முதல்ல காலூன்ற இடம்.

1985-ல இந்திரா குடியிருப்புத் திட்டம். நாங்க தொகுப்பு வீடுன்னுதான் சொல்வோம். ஆரம்பத்துல தாழ்த்தப்பட்டவங்க, பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்குத்தான். "அவங்களுக்கு மட்டும் ஏன்?"னு ஊர்த்தெரு முணுமுணுத்தது. 1993-94-ல மத்த ஏழைகளுக்கும் உண்டுன்னதும் அதே வாய் மனு எழுதப் போயிடுச்சு! ஜனங்க அபிப்பிராயம் பாதி நேரம் அப்படித்தான், பட்டியல்ல நம்ம பேர் இருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்தது.

அப்புறம் பேர்கள்தான் மாறிச்சு. 2010-ல கலைஞர் வீடு, 75,000 ரூபாய். 2011-ல ஆட்சி மாறி பசுமை வீடு, 300 சதுர அடி, சோலார் விளக்கோட 1.80 லட்சம். 2016-ல பிரதமர் வீடு. 2024-ல கனவு இல்லம், 360 சதுர அடி, 3.5 லட்சம்.

வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். இந்தப் பணம் மொத்தமா கைக்கு வராது. பேஸ்மட்டம் முடிச்சாத்தான் ஒரு பில், லின்டல் மட்டத்துக்கு ஒண்ணு, கான்கிரீட் போட்டா ஒண்ணு. அதுவரைக்கும் செங்கலுக்கும் கொத்தனாருக்கும் கைக்காசு போடணும். கூலிக்குப் போறவகிட்ட ஏது கைக்காசு? தோடு அடகுக் கடைக்குப் போகும், இல்லேன்னா வட்டிக்கு வாங்கணும். இனாம் வீடுன்னு சொல்ற வீட்டுக்குள்ள இப்படி எத்தனை கடன் இருக்கு தெரியுமா?

2018 நவம்பர்ல கஜா அடிச்ச ராத்திரி கீத்துக் கூரையும் ஓடும் பறந்துச்சு. தொகுப்பு வீட்டை ஏளனமாப் பேசினவங்களும் அன்னைக்கு அந்தக் கான்கிரீட்டுக்கு அடியிலதான் ஒண்டினாங்க.

வரிப்பணம்னு கேட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. பழைய முறையில வரி கட்டுறவங்க வீட்டுக்கடன் வட்டியில வருஷம் 2 லட்சம் வரைக்கும் வருமானத்துலேருந்து கழிச்சுக்கலாம்ல? அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கிற காசுதான். அதை மட்டும் யாரும் இனாம்னு சொல்றதில்லை.

என் குறை வேற. பட்டா இருந்தாத்தான் வீடு. வாய்க்கால் கரைப் புறம்போக்குல இருக்கிற குடும்பங்களுக்கு 1971 இன்னும் வரலை. இந்த மழைக்கும் அவங்க கூரை மேல பழைய பிளெக்ஸ் பேனர்தான் கிடக்கு.