நரம்புக் கலத்தின் சாவும் சாரப் புரதங்களும்

நரம்புக் கலம் எவ்வாறு சாகின்றது என்னும் ஆராய்ச்சி கோழிமுட்டையிலே தொடங்கியது. 1934இல் விக்ரர் ஹம்பேர்கர், கோழி முளையமொன்றின் சிறகரும்பை நீக்கியபோது, அச்சிறகுக்குரிய நரம்புக் கலங்கள் முண்ணாணிற் குன்றியிருக்கக் கண்டார். சிறகின் தூண்டுதலின்மையாற் கலங்கள் தோன்றவேயில்லை என்பது அவர் முடிபு. இத்தாலியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களாற் பல்கலைக்கழகத்தினின்றும் விலக்கப்பட்ட யூதப் பெண்ணான றீற்றா லெவி-மொண்டல்சினி, ரியூரின் நகரிலே தமது படுக்கையறையை ஆய்வுகூடமாக்கி, ஆசான் ஜுசெப்பே லெவியுடன் அச்சோதனையை மீளச் செய்தார். கலங்கள் தோன்றுகின்றன, தோன்றிய பின்னரே மடிகின்றன என 1942இல் அவ்விருவரும் எழுதினர். ஹம்பேர்கர் சினங்கொள்ளவில்லை. தம்மை மறுத்தவரைச் சென்ற் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். 1947இல் அங்கு சென்றவரோடு சேர்ந்து, கலச்சாவு இயல்பான வளர்ச்சியின் கூறே என 1949இல் வெளியிட்டார். கல்வியுலகில் அடிக்கடி காணக்கிடைக்காத பெருந்தன்மை இது.

வளர்ச்சிக் காரணி கிட்டாத கலம் பசியால் வாடிச் சாகின்றது எனக் கொள்ளுதல் எளிது. ஆயின் 1988இல், அதே பல்கலைக்கழகத்திலே, புதிய புரத ஆக்கத்தைத் தடுத்தபோது காரணியின்றியும் நரம்புக் கலங்கள் பிழைத்தன. கலம் தன் சாவைத் தானே இயற்றுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

இச்செயலிற் பங்குகொள்வது ஜே.என்.கே. எனப்படும் நொதியம். ஒரு நொதியம் அடுத்ததைத் தூண்ட, அது மூன்றாவதான ஜே.என்.கேயைத் தூண்டும். கலத்துள் இத்தகைய தொடர்கள் பல. செய்தி வழிதவறாமல் எங்ஙனம் செல்கின்றது? கட்டடத்தொழிலாளரை உரிய இடங்களில் நிறுத்தும் சாரம்போல, மூன்று நொதியங்களையும் ஒருங்கே தாங்கும் புரதமொன்று உண்டென, றொஜர் டேவிசின் ஆய்வுக்குழு 1998இற் காட்டியது. ஜிப்-1 என்னும் அப்புரதத்தை அதே குழு முதல் ஆண்டிலே சமிக்ஞைத் தடுப்பான் என அறிமுகஞ் செய்திருந்தமை சுவையானது. இரண்டும் முரணல்ல. சாரங்கள் மிகுந்துவிடின், நொதியங்கள் வெவ்வேறு சாரங்களில் தனித்தனியே அமர்ந்து, தொடர் அறுந்துபோகும். ஜிப்-1 அற்ற எலிகளின் மூளையிலே, நினைவுக்குரிய பகுதியின் நரம்புக் கலங்கள் மிகைத் தூண்டலுக்குள்ளானபோதும் ஜே.என்.கே. கிளர்ச்சியுறவில்லை என்பது 2001இல் அறியப்பட்டது.

இத்தொடரை மறித்து நோய் தடுக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. தொடரின் மேற்படி நொதியத்தைத் தடுக்கும் மருந்தொன்று, தொடக்கநிலைப் பார்க்கின்சன் நோயாளர் 806 பேரிடம் பரீட்சிக்கப்பட்டது. பயன் காணாமையால் 2005இற் பரீட்சை நிறுத்தப்பட்டது.