பஞ்சத்துக் கிழங்கு: யார் வைத்த பெயர்?

காட்டு வள்ளிக்கிழங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'அதெல்லாம் பஞ்சத்துல தின்னது' என்ற வார்த்தை கூடவே வந்துவிடுகிறது. தாவரவியல் நூல்களும் இப்படித்தான் எழுதுகின்றன: டயாஸ்கோரியா பேரினம், கொடி, பஞ்சகால உணவு. யாருடைய பஞ்சம் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

புறநானூற்றின் 109ஆம் பாட்டில், பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரிடம் கபிலர் பேசுகிறார். உழவர் உழாமலே விளையும் நான்கு அங்கே உண்டு என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். (இது சர்க்கரைவள்ளியோ மரவள்ளியோ அல்ல. அவை ஐரோப்பியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்து இந்தப் பெயரை வாங்கிக்கொண்டவை.) முற்றுகை என்பது அரசு திட்டமிட்டு உண்டாக்கும் பஞ்சம். வயலையும் களஞ்சியத்தையும் பிடித்தால் ஊர் பணியும். மண்ணுக்கடியில் கிடக்கிற கிழங்கை எந்தப் படை பிடிக்கும்? அளக்கவோ வரி போடவோ பூட்டி வைக்கவோ எளிதில் முடியாத உணவு அது. அதிகாரத்தின் சொல்லாடலுக்குள் அதற்கு 'உணவு' என்ற தகுதி கிடைக்காமல் போனதில் வியப்பில்லை.

1876-78 பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கில் செத்தார்கள். தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். சமவெளிச் சனம் கீரை, வேர், கிழங்கு என்று அலைந்தது. அவர்களுக்கு அது பஞ்ச உணவுதான், மறுக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1882இல், சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் வனப்பொருளை எடுப்பதும் குற்றமாயின.

ஆனால் ஆனைமலைக் காடருக்கோ, பளியருக்கோ, காட்டுநாயக்கருக்கோ இது பஞ்ச உணவாக இருந்ததில்லை. அதுதான் அவர்களுக்குச் சோறு. கூர்க்குச்சியால் தோண்டி எடுத்தபின், கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி தழைக்கும். கசப்பும் நஞ்சும் உள்ள வகைகளைச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து வேகவைக்கத் தெரியும். பசியில கெடச்சதைத் தின்னான் என்கிற கதைக்குள் இந்த அறிவு அடங்குமா?

2006இன் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களில் வேரையும் கிழங்கையும் சேர்த்து, அவற்றைச் சேகரிப்பதை உரிமை என்று ஒப்புக்கொண்டது. இடையில் 124 வருஷம். அந்த உரிமையும் தானாக வந்துவிடாது. கிராமசபை கூடி, மனுப் போட்டு, கேட்டு வாங்க வேண்டும்.

இங்கேதான் பெயரின் அரசியல் வேலை செய்கிறது. 'பஞ்ச உணவு' என்றால் பஞ்சத்தில் மட்டும் காட்டப்படும் இரக்கம். 'அன்றாட உணவு' என்றால் ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் போகும் பாத்தியதை. மலைமக்களுக்காக மனு எழுதிக் கொடுக்கும் தோழர்கள் இந்த இரண்டில் எதை எழுதுகிறோம் என்று யோசித்து எழுத வேண்டும்.