ஏரி தெரியும் வீடு

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரி தெரியும் சாலை என்று அர்த்தம். அந்தச் சாலையில் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். காய்கறிக் கடை தெரியும். மருந்துக் கடை தெரியும். மாடிக்கு மாடி உலரும் வேஷ்டி புடவைகள் தெரியும். ஏரி மட்டும் தெரியாது. நுங்கம்பாக்கத்துக்குப் போனால் அங்கே 'லேக் ஏரியா', 'டாங்க் பண்ட் ரோடு'. அங்கும் இதே கதைதான். கரைக்குப் பெயர் இருக்கிறது, தண்ணீரைக் காணோம்.

பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் பிறை வடிவமாக ஒரு பெரிய ஏரி கிடந்தது. அதன் நீளத்தைப் பார்த்து ஆங்கிலேயர்கள் 'லாங் டாங்க்' என்றார்கள். சென்னைப் பட்டணத்துக்கு மேற்கு எல்லையே அதுதான். அதற்கு அப்பால் மாம்பலம் ஒரு கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்த ஏரியில் படகுப் பந்தயம் விட்டார்கள். இன்று தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் அகப்பட்டுக்கொண்டு திணறுகிறவரிடம், "ஐயா, இந்தப் பக்கத்தில்தான் ஒரு காலத்தில் துரைகள் துடுப்புப் போட்டார்கள்" என்று சொன்னால் அவர் நம்பப் போவதில்லை.

ஏரி எப்படி நகரமாயிற்று? 1921ல் சென்னையின் ஜனத்தொகை சுமார் ஐந்தேகால் லட்சம். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் ஒண்டுக் குடித்தனங்கள் பெருகிவிட்டன. 1920ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே வருஷக் கடைசியில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை பதவி ஏற்றது. 1923 வாக்கில் ஏரியை வற்ற வைத்து மனை பிரிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. 1925ல் காலமான ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைப் புதிய நகருக்குச் சூட்டினார்கள். நடுவில் ஒரு பூங்கா. 1921 முதல் 1926 வரை முதன்மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர் அதற்கு. உஸ்மான், நடேச முதலியார், கோபதி நாராயணசாமி செட்டி, சௌந்தரபாண்டிய நாடார் என்று அந்தக் காலத்துப் பிரமுகர்கள் எல்லோரும் தெருக்களிலும் பூங்காவிலும் கடைவீதியிலும் வந்து குடியேறிவிட்டார்கள்.

நல்ல காரியம்தான். 1941ல் நகரத்து ஜனத்தொகை ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்கும் இடம் வேண்டாமா? குமாஸ்தாவும் வாத்தியாரும் வக்கீலும் முதன்முதலாகத் தமக்கென்று ஒரு கிணறு, ஒரு தென்னை, வாசலில் ஒரு பவழமல்லி என்று வாழ்ந்து பார்த்தது இந்த மாதிரி மனைகளில்தான். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஏரி என்பது என்ன என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அல்ல ஏரி. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்தில் வளைவாகக் கரை போட்டு, மேலேயிருந்து வரும் மழைத் தண்ணீரை நம் முன்னோர் மறித்தார்கள். கரையில் மதகு வைத்து வயலுக்கு விட்டார்கள். மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போயிற்று. செங்கற்பட்டு ஜில்லா முழுவதும் இப்படி ஒன்றுக்கொன்று கைகோத்த ஏரிகள். அந்த வரிசையில் ஓர் ஏரியை எடுத்துவிடலாம், தண்ணீரையும் இறைத்துவிடலாம். நிலத்தின் சரிவை யாரால் இறைக்க முடியும்? மழை பெய்தால் பழைய தண்ணீர் பழைய வழியிலேதான் வரும்.

வந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது தியாகராய நகரத் தெருக்கள் பல நாள் தண்ணீரில் கிடந்தன. மாம்பலம் கால்வாய் என்று ஒன்று நந்தனம் பக்கமாக அடையாற்றுக்குப் போகிறது. அத்தனை பெரிய ஏரியின் வேலையை அந்த ஒற்றைக் கால்வாயின் தலையில் கட்டியிருக்கிறோம். நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்திலே 1976ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி அமையாது உலகு என்று சொன்னவருக்கு நீரை அகற்றிவிட்டுக் கோட்டம் கட்டிய ஊர் நம்முடையது!

போன வருஷம் என் தமக்கையின் மகன் வழவழப்பான வர்ணப் படங்களோடு வந்தான். புறநகரில் ஓர் ஏரிக்கரையில் அடுக்கு மாடி வீடு. அமைதியான இடம், குருவிச் சத்தம், மாலைக் காற்று.

"மாமா, பால்கனியில் நின்றால் ஏரி முழுக்கத் தெரியும். அந்தப் பக்கத்து வீடுகளுக்குச் சதுர அடிக்கு 200 ரூபாய் கூட. கொடுக்கலாம் இல்லையா?"

"உனக்கு ஏரி தெரியும் என்கிறாய். கரை எங்கே? கலங்கல் எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் எதற்கு மாமா? பத்திரம் சுத்தமாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்த்தாயிற்று."

அவனுடைய சிரத்தையை மெச்சினேன். அடமானம், பாகப் பிரிவினை, மைனர் சொத்து எல்லாம் வில்லங்கச் சான்றில் வரும், தண்ணீர் வராது. தியாகராய நகரின் பத்திரங்கள் எல்லாமே சுத்தமானவைதான். சர்க்காரே சட்டப்படி பிரித்துக் கொடுத்த மனைகள்! வெள்ளம் பத்திரம் படித்துவிட்டா படியேறுகிறது?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏரி, குளங்களைக் காக்க 2007ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம். அவசியமான சட்டம். ஆனால் ஆக்கிரமிப்பு என்றதும் நம் கண்ணுக்கு முதலில் படுவது கரையோரத்துக் குடிசைதான். ஏரியின் உள்வாயிலே எழுந்த மாடி வீட்டைக் காலனி என்கிறோம். கரையிலே ஒண்டியவனை ஆக்கிரமிப்பாளன் என்கிறோம். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது இருவர் வீட்டுக்குள்ளும் வருகிறது. கூரை மிஞ்சுவது ஒருவனுக்குத்தான்.

ஆகையால் ஏரிக்கரையில் வீடே வாங்காதீர்கள் என்று நான் உபதேசம் செய்யவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு வாழ்வது பாக்கியம். தண்ணீரை நேசிக்கிறவர்கள் பக்கத்தில் குடியிருந்தால் ஏரிக்கும் நல்லதுதான். சேத்துப்பட்டில் பாழாய்க் கிடந்த ஏரியைச் சீர்ப்படுத்தி 2016ல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே ஏரி ஏரியாகவே இருக்கிறது.

என் மருமானுக்கு மூன்று யோசனை சொன்னேன். தாலுகா ஆபீசில் கிராம வரைபடத்தை எடுத்து, அந்தச் சர்வே எண் ஏரிக்குள் இருக்கிறதா, கரைக்கு வெளியே இருக்கிறதா என்று பார். ஊரில் வயல் வைத்திருந்த கிழவர் யாராவது இருந்தால், கலங்கல் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேள். மூன்றாவது, சித்திரை மாத வெயிலில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதே. ஐப்பசி, கார்த்திகையில், நாலு நாள் விடாமல் அடைமழை பெய்த மறுநாள், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போ.

அவன் கார்த்திகைக்குக் காத்திருந்தான். அடைமழைக்கு மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வீட்டை நோக்கி நடந்திருக்கிறான். முழங்கால் வரை தண்ணீர். வீட்டு வாசலுக்கு இன்னும் இரண்டு பர்லாங் இருந்ததாம்.