உரையுள் உறங்கிய உண்மை

‘ஷரஹ்’ என்னும் சொல்லை அரபு மதரஸாக்களில் ஓதியவர்கள் நன்கறிவர். ‘மத்ன்’ எனப்படும் மூலநூலை எடுத்துக்கொண்டு, அதனைச் சொல் சொல்லாக விரித்துரைப்பது ஷரஹ். அதன் ஓரங்களில் ஏறும் குறிப்புரை ஹாஷியா. இஸ்லாமியக் கல்வியின் பிற்காலத்தை இகழ விரும்புவோர் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த உரைநூல்களைத்தாம். முன்னோர் சொன்னதையே திரும்பச் சொன்ன காலம் அது. புதியதொன்றைக் காணும் ஆற்றல் அப்பொழுதே வற்றிவிட்டது என்பர். நம்மவரிலும் சிலர் இதனை ஒப்புக்கொண்டு தலைகுனிகின்றனர்.

ஆனால், மனித உடலைப் பற்றிய பேருண்மைகளுள் ஒன்று, இன்று கிடைக்கும் சான்றுகளின்படி, அத்தகைய ஷரஹ் ஒன்றினுள்ளேதான் முதன்முதலாக எழுதப்பெற்றது. எழுதியவரோ, நம் கடற்கரையூர் முஸ்லிம்களுட் பலர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின் ஃபிக்ஹு ஆசிரியர். அவர்கள்தாம் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்கர்ஷீ. உலகம் அறிந்த பெயர் இப்னுந் நஃபீஸ்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்கைச் சார்ந்த பகுதியில் பிறந்த இப்பெரியார், அந்நகரில் ஸுல்தான் நூருத்தீன் ஸங்கீ நிறுவிய மருத்துவமனையில், கி.பி. 1230இல் மறைந்த மருத்துவ மேதை தக்வார் அவர்களிடம் பாடங்கேட்டார். பின்னர் காஹிரா சென்று, எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். அதே நகரின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹும் போதித்தார். அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) அவர்களின் ‘தன்பீஹ்’ நூலுக்கு உரை எழுதினார். ஹதீஸ் கலையின் விதிகளைச் சுருக்கித் தந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு குறித்தும் நூல் செய்தார். தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் ஷாஃபியீ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தபொழுது, இம்மருத்துவரையும் அவ்வரிசையில் வைத்தார்கள். நாடி பார்த்த கையும் ஃபத்வா நூல் புரட்டிய கையும் ஒன்றே.

இனி அவ்வுண்மை யாதெனக் காண்போம். இதயத்தில் வலப்புறம் ஓர் அறையும் இடப்புறம் ஓர் அறையும் உள்ளன. இரண்டிற்கும் நடுவே தடித்த சுவர் நிற்கிறது. வலப்புற அறையிலுள்ள இரத்தம் இடப்புறம் சேர்வது எவ்வாறு? கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ், அதாவது கேலன், அச்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள்ளன என்றும், இரத்தம் அவற்றின் வழியே கசிந்து செல்கிறது என்றும் கூறினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அதனை ஏற்றிருந்தது. கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா அவர்களின் ‘கானூன்’ என்னும் பெருநூலும் அவ்வழியே நின்றது.

அந்தக் கானூனில் உடற்கூறு பற்றிய செய்திகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. இப்னுந் நஃபீஸ் அவற்றை ஓரிடத்தில் திரட்டி, ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’ என்னும் உரையை எழுதினார். ஹிஜ்ரி 640, அதாவது கி.பி. 1242க்குள் அந்நூல் நிறைவுற்றிருந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பது அளவே இருக்கும்.

இதயத்தைப் பற்றிய இடம் வந்ததும் உரையாசிரியர் நின்றுவிடுகிறார். அந்த இடைச்சுவர் கெட்டியானது. அதில் வெளிப்படையான துளையும் இல்லை, மறைவான துளையும் இல்லை என மறுக்கிறார். இரத்தம் வலப்புற அறையிலிருந்து குழாய் வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே காற்றோடு கலக்கிறது. பின்னர் வேறொரு குழாய் வழியாக இடப்புற அறையை அடைகிறது. இதுவே வழி, வேறு வழி இல்லை என முடிவுகட்டுகிறார். நுரையீரலுள் அவ்விரு குழாய்களுக்கும் இடையே இணைப்புவழிகள் உண்டென்றும் உரைக்கிறார். நுண்ணோக்கியின் துணையால் இத்தாலிய அறிஞர் மல்பீகி நுரையீரலின் நுண்குழல்களைக் கண்டது கி.பி. 1661இல் ஆகும். இதயத்திற்கு மூன்று அறைகள் என்ற இப்னு ஸீனாவின் கூற்றையும் இவர் ஏற்கவில்லை, இரண்டே என்றார்.

இங்கே நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இப்னுந் நஃபீஸ் கானூனைப் பழித்தவரல்லர். அதனை மாணவர் எளிதிற் கற்கவேண்டிச் சுருக்கி, ‘மூஜஸ்’ என்னும் நூலை வழங்கியவரும் அவரே. யூனானி மருத்துவம் பயில்வோரிடையே அச்சுருக்கம் இந்தியாவிலும் பாடநூலாக வழங்கிற்று. ஆசிரியரைத் தலைமேல் வைத்துப் போற்றினார்; ஆசிரியர் சொல் தவறிய இடத்தில் தவறு என்றும் எழுதினார். ஃபிக்ஹு ஓதியவர்க்கு இது வியப்பன்று. இமாமின் சொல்லை எடுத்துரைத்து, ஆதாரத்தை நிறுத்துப் பார்த்து, வலுவான கூற்றைத் தேர்வது ஷரஹ் எழுதுவோரின் அன்றாடப் பணி. அந்தத் தராசையே அவர் இதயத்தின் சுவரிலும் வைத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

தமிழ் கற்றார்க்கும் இது புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்குரிய மதங்கள் ஏழெனக் கூறுமிடத்து, உடன்படுதலை முதலில் வைத்து, மறுத்தலை அதன் அருகிலேயே வைக்கிறது. இரண்டும் கற்றோர் நெறிகளே. மறுப்பு இருந்தமையால் மரியாதை குறைந்ததாக நம் முன்னோர் கருதவில்லை.

ஆயினும் ‘மூஜஸ்’ பெற்ற புகழை இவ்வுரை பெறவில்லை. நூலகங்களின் பேழைகளில் அது உறங்கிற்று. ஐரோப்பாவில் செர்வெட்டஸ் கி.பி. 1553இலும், கொலம்போ 1559இலும் நுரையீரல் வழி இரத்தம் செல்வதை எழுதினர். ஹார்வியின் நூல் 1628இல் வெளிவந்தது. கி.பி. 1924இல்தான் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் மருத்துவம் பயின்ற முஹ்யித்தீன் தத்தாவீ என்னும் எகிப்திய மாணவர், பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் படியை வாசித்து, இச்செய்தியைத் தம் ஆய்வேட்டில் வெளிப்படுத்தினார். காஹிராவில் வாழ்ந்த ஜெர்மானிய கண் மருத்துவர் மாக்ஸ் மையர்ஹோஃப் அதனை மேலும் ஆராய்ந்து, 1930களில் உலகறியச் செய்தார். ஏறத்தாழ ஆறே முக்கால் நூற்றாண்டுக் காலம், அரபு எழுத்தறிந்த எவரும் படித்திருக்கக்கூடிய பக்கங்கள் அவை.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்வது கடமையாகிறது. பல ஆண்டுகளுக்கு முன் மீலாத் மேடை ஒன்றில், “இரத்த ஓட்டம் முழுவதையும் கண்டவர் இப்னுந் நஃபீஸ், ஹார்வி அதனைத் திருடிக்கொண்டார்” என முழங்கினோம். கைதட்டல் பெரிதாக இருந்தது. கூட்டம் கலைந்தபின், பள்ளிச் சிறுவன் ஒருவன் அருகில் வந்து, “ஹஜ்ரத், அது எந்தக் கிதாபில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டான். நம்மிடம் விடை இல்லை. எங்கோ படித்ததை யாரோ எழுதியிருந்தார். அதனை நாம் பேசியிருந்தோம்.

பின்னர் முறையாகத் தேடிக் கற்றபொழுது தெளிந்தது இது: இப்னுந் நஃபீஸ் கண்டது இதயத்திலிருந்து நுரையீரல் சென்று மீளும் வழியை மட்டுமே. இரத்தம் உடல் முழுவதும் சென்று இதயத்திற்கே திரும்பிச் சுழல்கிறது என்பதை அளவிட்டு நிறுவியவர் ஹார்வியே. இப்னுந் நஃபீஸின் கருத்து ஐரோப்பியரை எட்டியதா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. இல்லாததை ஏற்றிக் கூறியதால் அப்பெரியாருக்குப் புகழ் கூடவில்லை; நம் சொல்லுக்குத்தான் மதிப்புக் குறைந்தது. செய்தியை அறிவிப்பவர் யார், அவர் யாரிடம் கேட்டார் எனத் துருவும் ஹதீஸ் கலையை ஓதிவிட்டு, வரலாற்றில் அதனைக் கைவிட்டோமே என அன்று நாணினோம்.

இப்னுந் நஃபீஸ் ஹிஜ்ரி 687, அதாவது கி.பி. 1288இல் காஹிராவில் காலமானார். இறுதி நோயில் மருந்தாக மது தரப்பட்டபொழுது, உடலுள் அதனை வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என மறுத்ததாக அவர் வரலாறு கூறுகிறது. தம் இல்லத்தையும் நூல்களையும் ஸுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனைக்கு வக்ஃபு செய்துவிட்டார். தமக்குப் பின் வருவோர் படிக்கவேண்டும் என்பதன்றி அதற்கு வேறு பொருள் என்ன?

நம் ஊர்களின் பழைய வீட்டுப் பெட்டகங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் அரபியிலும் அரபுத் தமிழிலும் எழுதிய ஏடுகள் இன்னும் இருக்கின்றன. கறையானுக்கு முன்பே அவற்றைத் திறந்து பார்ப்போம். என்ன நூல், எழுதியவர் யார், எந்த ஆண்டு என ஒரு தாளில் குறித்துவைத்தால்கூடப் போதும். படிக்கத் தெரிந்தவர் பின்னர் வருவார். ஹிதாயத் தரும் இறைவன் நாடினால், அன்று அச்சிறுவன் கேட்டது போல் இன்னொரு சிறுவன் பக்கம் கேட்கும்பொழுது, நம்முள் எவரேனும் அப்பக்கத்தை விரித்துக் காட்டக்கூடும்.