தரம், விலை, பங்கு: பிரெஞ்சு வைனின் தரவரிசையோடு சப்ரகமுவத் தேயிலை

மலை உயர உயரத் தேயிலையின் தரமும் உயரும் என்பது பொதுவான நம்பிக்கை. கொழும்பு ஏலம் அதை ஒப்புக்கொள்வதில்லை. 600 மீற்றருக்குக் கீழ் விளையும் தாழ்நிலத் தேயிலை பல ஆண்டுகளாக உயர்நிலத் தேயிலையைவிடக் கூடிய சராசரி விலைக்குப் போகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ இந்தத் தாழ்நிலத்தின் முக்கிய பகுதி. இங்கே தரத்தை அளப்பது எது? விலை யாரைச் சென்றடைகிறது? பிரெஞ்சு வைனின் தரவரிசை இக்கேள்விகளுக்கு நல்ல உரைகல்.

பிரான்சில் இரண்டு மரபுகள் உள்ளன. பர்கண்டியில் தரப்படி நிலத்துக்கு உரியது. வட்டாரம், கிராமம், பிரிமியே க்ரூ, கிராண்ட் க்ரூ என்ற வரிசையில் காணி கைமாறினாலும் படி மாறாது. போர்தோவில் படி ஷத்தோ எனப்படும் வைன் தோட்டத்தின் பெயருக்கு உரியது. 1855 பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் அங்குள்ள சிவப்பு வைன்களை ஐந்து படிகளாகப் பிரித்தபோது, அளவுகோலாகக் கொண்டது பல்லாண்டுச் சந்தை விலையை. அப்பட்டியல் பின்னர் இறுகிப்போனது. இரண்டாம் படியிலிருந்த மூத்தோன் ரோத்சில்ட் முதற்படி ஏற 1973 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சப்ரகமுவ ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள், தரும் ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் முதலிய கிரேடுகள் இவ்விரு மரபிலும் சேரா. அவை இலையின் உருவத்தையும் பருமனையுமே சொல்கின்றன. ஒரே நாள் கொழுந்து வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, காயவைத்துச் சல்லடை ஏறும்போது பல கிரேடுகளாகப் பிரிகிறது. ஆகவே ஓ.பி., பி.ஓ.பி.யைவிட உயர்ந்தது என்று கொள்வது பிழை. விலை வேறுபாடு வாங்குவோரின் தேவையில் பிறக்கிறது. மத்திய கிழக்கு, துருக்கி, ரஷ்யச் சந்தைகள் இலையின் தோற்றத்துக்கும் அடர்ந்த சாயத்துக்கும் விலை கொடுக்கின்றன. பொன்னிற டிப்ஸ் (மொட்டு நுனிகள்) மிகுந்த எப்.பி.ஓ.பி.எப். எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் கிரேடு உச்ச விலைகளைப் பெறுவது இதனால்தான். மொட்டின் நுண்மயிர் இலைச்சாற்றில் தோய்ந்து காய்ந்து பெறும் நிறம் அது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கும் கையில்தான் அது தொடங்குகிறது. முற்றிய இலையிலிருந்து எந்த இயந்திரமும் அதை எடுக்காது.

போர்தோவின் ஷத்தோவுக்கு நிகராக இங்கே இருப்பது ஸ்டோரின் மார்க், அதாவது அதன் விற்பனைப் பெயர். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்காகத் தரகர்கள் மாதிரிகளைச் சுவைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரே கிரேடு மார்க்குக்கு மார்க் வேறு விலைக்குப் போகிறது. இரத்தினபுரி மாவட்டத்தின் நியூ விதானகந்த இவ்வழியில் உலகப் பெயர் பெற்றது. 1855 பட்டியலைப் போலன்றி, இங்கே வாரந்தோறும் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும். அது இம்முறையின் வலிமை. ஆனால் கலவைகளில் சேரும் தூளில் மார்க்கும் மறைகிறது, சப்ரகமுவ என்ற பெயரும் மறைகிறது.

விலை போய்ச்சேரும் இடத்தில் இன்னும் ஆழமான குறை இருக்கிறது. கொழுந்து விற்கும் சிறுதோட்ட உரிமையாளருக்கு, ஸ்டோர் பெறும் நிகர ஏல விலையில் 68 வீதப் பங்கு வகுக்கப்பட்டுள்ளது. மார்க் உயர்ந்தால் அவரும் உயர்வார். பெருந்தோட்டக் குடியிருப்பான லயத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு அந்த இணைப்பு இல்லை. அவருடைய பேரும், அதாவது நாள் வேலைப் பதிவும், சம்பளமும் கொழுந்தின் நிறையைப் பொறுத்தவை. நீண்ட போராட்டத்தின் பின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படை 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆனால் அவர் பறித்த மொட்டு என்ன விலைக்குப் போனாலும் அத்தொகை மாறுவதில்லை. நிறைக்குக் கூலி கொடுத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்ப்பது முரண். கிலோவை நிரப்ப வேண்டிய கை முற்றிய இலையையும் சேர்த்தே பறிக்கும்.

2022இல் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வாறே சப்ரகமுவவின் பெயரும் சட்டக் காப்போடு கடைப் பொதிவரை செல்ல வேண்டும். அதோடு, ஒரு மார்க்கின் விலை தாழ்நிலச் சராசரியைத் தாண்டும்போது, மிகுதியில் ஒரு பங்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேலாகப் பறித்தவருக்குச் சேர வேண்டும். முதலாவது மட்டும் நிறைவேறினால் ஏற்றுமதியாளர் உயர்வார், லயம் அப்படியே இருக்கும். தரத்தைப் பறித்துத் தருபவர் அதன் விலையில் பங்காளியாகும்போதுதான் தரவரிசை நியாயமாகும், நிலைக்கவும் செய்யும்.