உப்புக்குப் போட்ட முள்வேலி



நிலக்கடலை வயல் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "சார், வெளிநாட்டு எண்ணெய்க்குச் சுங்கவரியைக் குறைச்சா என் கடலை விலை ஏன் இறங்குது?" பதில் சுலபம். வரி குறைந்தால் துறைமுகத்தில் இறங்குகிற எண்ணெய் மலிவாகிறது. செக்குக்காரர் அந்த விலைக்குத் தக்கபடிதான் உங்கள் கடலைக்கு விலை சொல்வார். அவர் அதோடு விடவில்லை. "அப்போ இந்தச் சுங்கம்ங்கிறது கடல் ஓரத்திலே மட்டும்தானா?" என்றார். இன்றைக்கு வெளிநாட்டுச் சரக்குக்குத்தான் சுங்கம். ஒரு காலத்தில் நம் நாட்டுக்கு நட்ட நடுவிலேயே ஒரு சுங்க எல்லை ஓடியது. அதற்கு வேலியும் இருந்தது, அதுவும் முள்வேலி. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் வங்காளப் பக்கம் உப்புக்குக் கடுமையான வரி. மணங்குக்கு மூன்று ரூபாய்க்கு மேல். (நம் பக்கத்துச் சின்ன மணங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கத்தி மணங்கு சுமார் 37 கிலோ.) மேற்கே ராஜபுதனத்தில் சாம்பர் ஏரி இருக்கிறது. அங்கே உப்பு தானாக விளையும். அது சமஸ்தானத்து மண், ஆகவே கும்பினியார் வரி அங்கே செல்லாது. இந்தப் பக்கம் மூன்று ரூபாய் வரி, அந்தப் பக்கம் அந்த வரியே இல்லை என்றால் உப்பு எந்த வழியாக நடக்கும்? நீங்களே சொல்லுங்கள். ராத்திரியில் மாட்டின் மேலும் ஒட்டகத்தின் மேலும் நடந்தது.

அதைத் தடுக்கச் சுங்கச் சாவடிகளைப் போட்டார்கள். சாவடிகளுக்கு இடையே ஆள் புகுந்தான். ஆகவே சாவடிகளைக் கோர்த்து ஒரு கோடு இழுத்தார்கள். 1869 வாக்கில் அந்தக் கோடு சிந்து நதிக்கரையில் அட்டக்கில் தொடங்கி, டில்லி, ஆக்ரா, ஜான்சி வழியாக இறங்கி, மகாநதி வரை வந்துவிட்டது. நீளம் 2,300 மைல். காவலுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல்.

முதலில் வெட்டிய முள்ளைக் குவித்துத்தான் வேலி வைத்தார்கள். முள்வேலி என்ன பாடு படும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கரையான் தின்றது, தீப்பிடித்தது, காற்றில் பறந்தது. 1867 முதல் 1870 வரை இந்தச் சுங்கத்துக்குக் கமிஷனராக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பிற்பாடு 1885ல் காங்கிரஸ் மகாசபை தொடங்க முன்னின்றவர் இவர்தான். இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு மைல் காய்ந்த வேலிக்கு 250 டன் முள்ளும் கட்டையும் தேவைப்பட்டது. அதையும் தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டும். இது கட்டுப்படியாகாது, உயிர்வேலிதான் வழி என்று முடிவு செய்தார்.

வேலியை அவர் வளர்த்த விதத்தை நம் துறைக்காரன் என்ற முறையில் நான் ரசித்துத்தான் படித்தேன். எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று பார்த்து நட்டிருக்கிறார்கள். இலந்தை, கருவேல், களா, கள்ளி வகைகள், மண் மோசமான இடத்தில் சப்பாத்திக்கள்ளி. மண் சரியில்லாத இடத்தில் பள்ளம் தோண்டி வேறிடத்து நல்ல மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வருகிற இடத்தில் கரை போட்டு அதன் மேல் நட்டார்கள். நன்றாக வந்த இடத்தில் வேலி 12 அடி உயரம், 14 அடி அகலம். ஹ்யூம் 1871ல் மத்திய சர்க்காரின் விவசாய இலாகாவுக்குச் செயலாளரானார் என்பது இன்னொரு சேதி. எங்கள் இலாகாவின் முன்னோர்களில் ஒருவர் உப்பைத் தடுக்க முள் வளர்த்தவர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஏன் வருத்தம் என்கிறேன் என்றால், உப்பு ருசிக்காக மட்டும் சேர்க்கிற பொருள் இல்லை. வெயிலில் உழுகிறவன் வேர்வையோடு உடம்பின் உப்பை இழக்கிறான். அதை ஈடுகட்டாவிட்டால் தலைசுற்றும், கைகால் இழுக்கும். உப்புப் போதாத மாடு சுவரை நக்கும், மூத்திரம் விழுந்த மண்ணை நக்கும், தீனி எடுக்காது, பால் குறையும். மற்றதைக் குறைத்துக்கொள்கிற மாதிரி இதைக் குறைக்க முடியாது. அதனால்தான் வரி வசூலும் நிச்சயமாக வந்தது. சர்க்காருக்கு அதுதான் வசதி.

சரி, வேலி எப்படிப் போயிற்று? யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை. 1870 வாக்கில் சாம்பர் ஏரியை ஆங்கில சர்க்கார் குத்தகைக்கு எடுத்தது. உப்பு விளைகிற இடத்திலேயே வரி வாங்க வழி பிறந்தது. அப்புறம் நிதி மந்திரியாக இருந்த ஜான் ஸ்ட்ரேச்சி, மாகாணத்துக்கு மாகாணம் இருந்த வரி வித்தியாசத்தைக் குறைத்தார். வித்தியாசம் போனால் கடத்தலில் லாபம் இல்லை, வேலிக்கும் வேலை இல்லை. 1879 ஏப்ரல் 1ந் தேதி அந்தச் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள்.

இங்கேதான் நம் கதை வருகிறது. அந்த வித்தியாசத்தை எப்படிக் குறைத்தார்கள் தெரியுமா? வடக்கே மூன்று ரூபாயை இரண்டரை ரூபாயாக இறக்கினார்கள். வங்காளத்தில் இரண்டு ரூபாய் பதினான்கு அணா. சென்னை மாகாணத்தில் ஒரு ரூபாய் பதின்மூன்று அணாவாக இருந்ததை இரண்டு ரூபாய் எட்டணாவாக ஏற்றினார்கள். மணங்குக்குப் பதினோரு அணா கூடுதல். எப்போது? தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லி அழுத பஞ்சம் 1876ல் தொடங்கி 1878 வரை வாட்டியதே, அந்தப் பஞ்சத்தின் முடிவில். வேலியைக் கண்ணால் பார்க்காத நம்மவர்கள்தான் வேலி எடுத்த செலவைக் கஞ்சிக்குப் போடும் உப்பில் கட்டினார்கள். 1882ல் ரிப்பன் பிரபு காலத்தில் வரி இரண்டு ரூபாயாக இறங்கியது. அப்போதும் நாம் பழைய ஒண்ணேமுக்காலே சொச்சத்துக்குத் திரும்பவில்லை. 1930ல் திருச்சியிலிருந்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியது உங்களுக்குத் தெரிந்த கதை. உப்புவரி ஒழிந்தது 1947ல்தான்.

அந்த வேலி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பல இடங்களில் கோட்டின் மேலேயே ரோடு போட்டுவிட்டார்கள். மற்ற இடங்களில் பக்கத்து நிலத்துக்காரர்கள் உழுதுவிட்டார்கள். ராய் மாக்ஸம் என்கிற ஆங்கிலேயர் வருஷக்கணக்காகத் தேடி, கடைசியில் உத்தரப் பிரதேசத்து எடாவா மாவட்டத்தில் ஒரு மண்கரையும் கொஞ்சம் முள்மரமும் மிஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்து, 2001ல் புத்தகம் போட்டார். நிலத்துக்காரர்களைக் குறை சொல்ல முடியுமா? நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டி வளர்த்த வேலி ஆயிற்றே!