சிலிக்குச் சென்ற ஆலோசகர்

அரசுகளுக்குத் தரவு ஆலோசகர் என்னும் பதவி அண்மையில் முளைத்ததென்றே பலரும் எண்ணுகின்றனர். 1971 இலேயே ஸ்ரபோர்ட் பியர் என்ற ஆங்கிலேயர், அப்பணிக்காகச் சிலி ஜனாதிபதி அலெண்டேயின் அரசிடம் சென்றிருந்தார். அழைத்தவர் பெர்னாண்டோ புளோரஸ் என்ற இளம் பொறியியலாளர்.

தேசியமயமான தொழிற்சாலைகளின் அன்றாட விபரங்களை டெலெக்ஸ் வழியே சந்தியாகோவிலிருந்த கணினிக்குச் சேர்ப்பதே 'சைபர்சின்' திட்டம். ஏழு நாற்காலிகள் கொண்ட அதன் அறுகோண அறையைப் பற்றியே இன்றும் எழுதுகின்றனர். எனக்கோ அதன் ஒரு விதியே பெரிதாகப் படுகிறது. உற்பத்தியில் பிறழ்வு தென்பட்டால் எச்சரிக்கை முதலில் அந்தத் தொழிற்சாலைக்கே செல்லும். குறித்த அவகாசத்துள் அங்கு தீராவிடின் மட்டுமே மேலிடம் அறியும். திட்டம் கண்காணிப்புக் கருவியாகாதிருக்கப் பியர் இட்ட பூட்டு அது. 1973 ஜனவரியில் லண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகையோ, சிலியைக் கணினி ஆள்வதாகத் தலைப்பிட்டது. நம் தொழிலின் இலட்சணம்!

1972 ஒக்டோபரில் லொறி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசுக்குக் கைகொடுத்தவை டெலெக்ஸ் இயந்திரங்களே. எங்கே லொறி உண்டு, எந்தப் பாதை அடைபட்டுள்ளது என்ற செய்திகள் இரவுபகலாக ஓடின.

1973 செப்ரெம்பர் 11 இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அலெண்டே மாண்டார். புளோரஸ் மூன்றாண்டுகள் சிறையிலிருந்தார். அறுகோண அறையும் அழிக்கப்பட்டது. பியர் அன்று லண்டனில் இருந்தார்.